எதைக் கற்பிப்பது? – தோட்டப் பாடசாலைகளின் கலைத்திட்டம் நடந்து வந்த பாதை

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குப் பாடசாலை வரலாற்றை எழுதித் தருமாறு பழைய மாணவிகள் சங்கத்தின் செயற்குழுவினர் என்னைக் கேட்டனர். அதிபர்களின் வரிசையும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும், பரீட்சைப் பெறுபேறுகளும் மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. அவற்றையே நானும் எழுதினால் வாசிப்பவர்களுக்குச் சலிப்புத்தான் மிஞ்சும். ஆகவே வேறொன்றை எடுத்துக்கொண்டேன். காலையில் மணி அடித்ததும் வகுப்பில் எந்தப் பாடம் தொடங்கியது, எந்த வயதோடு அது நின்றது, தோட்டத்துப் பிள்ளைக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாங்கள் படித்த காலத்தில் இதற்குப் ‘பாடவிதானம்’ என்று பெயர். இன்று ‘கலைத்திட்டம்’ என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. பாடவிதானம் என்பது கற்பிக்க வேண்டியவற்றின் பட்டியல். கலைத்திட்டம் அதைவிடப் பெரியது. எந்த நோக்கத்துக்காக, எந்த ஒழுங்கில், எத்தனை ஆண்டுகளில், எந்த ஆசிரியரைக் கொண்டு, எதை வைத்து மதிப்பிட்டுக் கற்பிப்பது என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். ஆசிரியர் கலாசாலைக்குச் சென்றவர்களுக்கு ரால்ஃப் டைலரின் நான்கு கேள்விகள் மறந்திருக்காது. 1949 இல் அவர் எழுதிய சிறிய நூல் ஒன்று உலகமெங்கும் ஆசிரியர் பயிற்சியில் பாடமானது. பாடசாலை அடைய விரும்பும் நோக்கங்கள் யாவை? அவற்றை அடையத்தக்க அனுபவங்கள் யாவை? அந்த அனுபவங்களை எவ்வாறு ஒழுங்கமைப்பது? நோக்கம் நிறைவேறியதா என்று எவ்வாறு அறிவது? இந்த நான்கையும் பரீட்சைக்காக நாங்கள் மனனம் செய்தோம். முதலாவது கேள்விக்கு விடை சொல்லும் உரிமை யாருக்கு என்ற ஐந்தாவது கேள்வியை எவரும் எங்களிடம் கேட்கவில்லை. தோட்டப் பாடசாலையின் வரலாறு முழுவதும் அந்த ஐந்தாவது கேள்விக்குள்தான் இருக்கிறது.

தோட்டங்களில் கல்வி சட்டத்தால் தொடங்கவில்லை. பெரிய கங்காணியின் ஆதரவில், வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்துக் காம்பராவிலோ கோயில் வாசலிலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்து, வேலை முடிந்த பிறகு மாலை வேளையில் சொல்லிக்கொடுத்தார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடம் கப்பலேறி, நடந்து, மலை ஏறி வந்து சேர்ந்த கதை அது. மணலில் எழுத்து, ஆத்திசூடி, எண்சுவடி, புராணக் கதை. இதற்கு இணையாக 1854 இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டங்களில் பள்ளிக்கூடங்களை நடத்தியது. அங்கே வாசிப்புக்குரிய நூல் வேதாகமம். இரண்டிலும் ஒரு கலைத்திட்டம் இருந்தது. முன்னையது பிள்ளையைத் தன் ஊரின் மரபுக்குள் வைத்திருக்க விரும்பியது. பின்னையது அவளை ஒரு சமயத்துக்குள் கொண்டுவர விரும்பியது. அவளை எழுதுவினைஞராகவோ வைத்தியராகவோ ஆக்கும் எண்ணம் இரண்டுக்கும் இருக்கவில்லை. அக்காலத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நோக்கம் இல்லாத பாடம் எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசாங்கம் இதில் தலையிட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆரம்பக் கல்வி பற்றி ஆராய 1905 இல் வேஸ் ஆணைக்குழு அமைந்தது. அதன் பின்னர் 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஒரே சட்டத்துக்குள் கிராமத்துக்கு ஓர் ஏற்பாடு, தோட்டத்துக்கு வேறோர் ஏற்பாடு. தோட்டத்தில் வேலை செய்வோரின் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத்துரையின் கடமை என்று அது கூறியது. 1920 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் இந்தக் கடமையைச் சற்று இறுக்கியது. எங்களுடையதைப் போன்ற பல பாடசாலைகளின் வயது இன்று நூறைச் சுற்றி நிற்பதற்கு இந்தச் சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்தியாவிலிருந்து வந்த அழுத்தம். இந்தியாவில் 1922 இல் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு முதல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அலுவலகம் வைத்து, தோட்டத் தொழிலாளரின் கூலி, சுகாதாரம் ஆகியவற்றோடு பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் அறிக்கை எழுதினார். தொழிலாளர் தேவை என்றால் அந்த அறிக்கை நன்றாக இருக்க வேண்டும் என்பது துரைமாருக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்திலுள்ள ‘6 முதல் 10 வரை’ என்ற சிறு தொடரில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலைத்திட்டத்தின் மிக முக்கியமான வரி சில சமயம் பாடப் பட்டியலில் இருப்பதில்லை. எந்த வயதில் நிறுத்துவது என்பதில் இருக்கும். பத்து வயது என்பது யாரும் தற்செயலாகத் தேர்ந்த எண் அன்று. அது ஒரு பிள்ளை புல்லு வெட்டவும், பிறகு கொழுந்துக் கூடை தூக்கவும் தயாராகும் வயதை ஒட்டியது. நான்கு ஆண்டுகளில் எழுத்துக் கூட்டி வாசிக்கலாம், பெயர் எழுதலாம், கூட்டல் கழித்தல் செய்யலாம். அதற்கு மேல் சென்றால் மலைக்குப் போகும் பிள்ளை குறைந்துவிடும். பெண்பிள்ளையின் நிலை இன்னும் இறுக்கமானது. அம்மா மலையில் நிற்கும்போது பிள்ளைக் காம்பராவில் விடப்படாத தம்பி தங்கைகளைப் பார்ப்பவள் அவள்தான். சட்டம் கொடுத்த நான்கு ஆண்டுகளில் அவளுக்குக் கிடைத்தது இரண்டோ மூன்றோதான். அவளுக்கென்று தனியாகக் கிடைத்த பாடம் பெரும்பாலும் தையல்.

இருந்தும் அந்த அரைகுறைக் கணக்குப் பாடம் சும்மா போகவில்லை. எங்கள் பாட்டிமார் கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்து நின்ற தலைமுறை. கூடைக்கு இத்தனை இறாத்தல், ஈரத்துக்கு இத்தனை இறாத்தல் என்று கணக்கப்பிள்ளை கழித்து எழுதுவார். குறைந்தால் அரைப்பேர். அங்கே கழித்தல் தெரிந்த ஒரு பெண் நின்றால் பென்சில் கொஞ்சம் தயங்கியது என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். வாசிப்பு, எழுத்து, எண் என்ற மூன்றை மட்டும் கொடுத்தால் பிள்ளை அடங்கி இருக்கும் என்று திட்டமிட்டவர்கள் கணித்திருக்கலாம். எண் கற்றவள் எதை எண்ணுவாள் என்பதை எந்தத் திட்டமும் கட்டுப்படுத்த முடியாது.

தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் ஒருவர். வகுப்பு ஐந்து. மண்டபம் ஒன்று. உதவிநன்கொடை வேண்டுமானால் பரிசோதகர் வரும் நாளில் வரவும் வாசிப்பும் சரியாக இருக்க வேண்டும். மற்ற நாட்களில் ஒரு வகுப்பு சிலேட்டில் எழுத, இன்னொன்று வாய்பாடு சொல்ல, மூன்றாவது வகுப்பின் பெரிய பிள்ளை முதலாம் வகுப்புக்கு ஆனா ஆவன்னா காட்டிக்கொடுக்கும். பல இடங்களில் அதே ஆசிரியர்தான் லயத்துக்குக் கடிதம் வாசிப்பவர், மனு எழுதுபவர், திருவிழாவுக்குக் கணக்கு வைப்பவர். அவர் என்ன கற்பித்தார் என்பதைப் பாடவிதானத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இதே காலத்தில் நாட்டின் மற்றப் பகுதிகளில் கலைத்திட்டத்தைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. கல்வி அமைச்சராக 1931 முதல் 1947 வரை இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, இலவசக் கல்விக்காகவே இன்று நினைக்கப்படுகிறார். அதற்கு முன்பே, 1930களில், கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸ என்ற கிராமத்துப் பாடசாலையில் ஒரு பரிசோதனை தொடங்கியது. புத்தகத்தைச் சுற்றிப் பாடம் நடத்துவதை விட்டு, கிராமத்தின் பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றைச் சுற்றிப் பாடத்தை அமைப்பது அதன் எண்ணம். இந்தியாவில் காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்விக்கும் இதற்கும் உறவு உண்டு. ஹந்தெஸ்ஸத் திட்டம் வேறு பல கிராமப் பாடசாலைகளுக்கும் பரவியது. எனினும் பெற்றோர் அதை முழு மனதோடு ஏற்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் பரீட்சையும், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று கேட்டார்கள். கல்வியியலாளர்கள் சிலர் இதைப் பாமரரின் அறியாமை என்று எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெற்றோர் டைலர் எழுதுவதற்கு முன்பே அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி இன்னும் உரக்க எழுந்தது. 1953 இல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி ஆரம்பப் பாடசாலை நேரத்தை மூன்று மணித்தியாலமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டி எதிர்த்தனர். 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. வண்ணானின் மகன் வெளுக்கவும் குயவனின் மகன் வனையவும் பழகினால், தோட்டத் தொழிலாளியின் மகள் என்ன பழகுவாள் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே அதற்குத் திட்டமும் தேவைப்படவில்லை. பத்து வயதிலே படிப்பு முடிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகவே குலக்கல்விதான்.

அமெரிக்காவில் பிராங்கிளின் பொபிற் என்பவர் 1918 இல் கலைத்திட்டத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். வளர்ந்தவர்கள் அன்றாடம் செய்யும் வேலைகளைக் கூர்ந்து பட்டியலிட்டு, அந்த வேலைகளுக்குரிய திறன்களைப் பிள்ளைக்குப் பழக்குவதே பாடசாலையின் வேலை என்பது அவரது அணுகுமுறை. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இதை ராகலையிலோ உடப்புசல்லாவையிலோ ஒரு தோட்டத்தில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். வளர்ந்தவர்கள் காலை பிரட்டுக்களத்துக்குப் போகிறார்கள், கொழுந்து எடுக்கிறார்கள், கவ்வாத்து வெட்டுகிறார்கள், ஸ்டோரில் தேயிலை அரைக்கிறார்கள். பட்டியல் முடிந்தது, பாடமும் முடிந்தது. உலகத்தை உள்ளபடியே எடுத்து அதற்கேற்பப் பாடம் அமைத்தால் உலகம் உள்ளபடியே இருந்துவிடும் என்பதைத் தோட்டங்களைப் போல் வேறெந்த இடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஏணியே இல்லாத பாடசாலைக்கு அந்த இலவசம் எப்படிப் பயன்பட்டிருக்கும்? 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் 1947 இல் அதற்கு வந்த திருத்தமும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கப் பாடசாலைகளாக்க ஒரு வாசலைத் திறந்தன. அதன் வழியே உள்ளே போனவை மிகச் சில. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1960 இலும் 1961 இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விலக்கி வைக்கப்பட்டன. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றது அது. கலைத்திட்டக்காரரின் கண்ணோடு பார்த்தால் இதன் பொருள் என்ன? ஒரே வாங்கில் அருகருகே இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி எந்த நாட்டின் படத்தை வரையப் பழக வேண்டும் என்று ஆசிரியருக்கே தெரியாத நிலை. பாதி ஆண்டில் பெயர் வெட்டப்பட்டு மண்டபத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் போன தோழிகளின் இடம் இடாப்பில் வெறுமையாக இருந்ததை எங்கள் வயதுக்காரர் அறிவர்.

அடுத்து வந்தது நாட்டின் கல்வி வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான கலைத்திட்ட மாற்றம். 1971 கிளர்ச்சிக்குப் பின்னர், படித்த இளைஞருக்கு வேலை இல்லை என்ற பதற்றத்தோடு 1972 இல் அது தொடங்கியது. பாடசாலையில் சேரும் வயது ஆறானது. தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுக் கலைத்திட்டம். ஒன்றிணைந்த விஞ்ஞானமும் கணிதமும் எல்லோருக்கும் கட்டாயம். அதோடு இரண்டு முன்தொழிற் பாடங்கள். தரம் 9 முடிவில் தேசியக் கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை, முதன்முறையாக 1975 இல். விஞ்ஞானத்தை நகரத்துப் பெரிய கல்லூரிகளின் சொத்தாக விட்டுவிடாமல் சிறு பாடசாலைக்கும் கொண்டுபோன அந்த எண்ணத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். முன்தொழிற் பாடத்தைப் பற்றி எனக்கு அந்த மதிப்பு இல்லை. ஹந்தெஸ்ஸவில் எழுந்த அதே சந்தேகம் மீண்டும் எழுந்தது, அதுவும் நியாயமாகவே.

எங்களைப் பொறுத்தவரை இதிலுள்ள வேடிக்கை வேறு. ஒரே நாடு, ஒரே கலைத்திட்டம் என்று சொல்லப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் தோட்டப் பாடசாலைகள் அமைச்சின் கீழேயே இல்லை. தரம் 6 இருந்தால்தானே பொதுக் கலைத்திட்டம் வரும்? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பிள்ளைகள் பட்டினியோடு வந்தார்கள், பலர் வரவே இல்லை. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1977 முதல் அரசாங்கம் எங்கள் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் 1972 கலைத்திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டுப் பழைய க.பொ.த. முறைக்குத் திரும்பியது. எல்லோருக்கும் விஞ்ஞானம் என்ற வாசல் திறந்திருந்தபோது நாங்கள் வெளியே நின்றோம். நாங்கள் உள்ளே வந்தபோது வாசல் பாதி சாத்தியிருந்தது.

இருந்தாலும் 1977க்குப் பின்னர் நடந்ததைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். 1980 முதல் இலவசப் பாடநூல் எங்கள் பிள்ளைகளின் கையிலும் வந்தது. 1980களில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவனத்தின் உதவியோடு தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் வந்து, தற்காலிகக் கொட்டகைகள் கட்டடங்களாயின. மலையக இளைஞர்களும் யுவதிகளும் பெருந்தொகையாக ஆசிரியர் நியமனம் பெற்றனர். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி எழுந்தது. இதைக் கட்டடக் கணக்காகப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். லயத்திலிருந்து வந்த ஒரு பெண் சேலை உடுத்திக் கரும்பலகையின் முன் நின்றதே பெரிய கலைத்திட்ட மாற்றம். அவள் எந்தப் பாடத்தை நடத்தினாலும் முன்வரிசையில் இருந்த சிறுமி கற்ற பாடம் வேறொன்று.

பாடநூலுக்குள் மட்டும் நாங்கள் வெகுகாலம் வரவில்லை. நான் படித்த வாசிப்புப் புத்தகங்களில் பனை மரம் இருந்தது, துலாக் கிணறு இருந்தது, கடலும் வள்ளமும் இருந்தன. பனையைப் பார்க்காமலே பனையின் பயன்கள் பத்தை எழுதிப் பத்துக்குப் பத்துப் புள்ளி வாங்கினேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் காலையில் மூடுபனிக்குள் நடந்து வரும் ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டு வாசலில் தெரியும் எதுவும் புத்தகத்தில் எழுதத்தக்கதன்று என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. பிறகு அவளிடம் ‘உமது ஊர்’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்டால் வயலையும் வாய்க்காலையும் எழுதுவாள்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. பிரதேசத்தைப் பாடத்தில் கொண்டுவா என்று கேட்கிறோம். பிரதேசத்துக்கேற்ற கல்வி என்று யாராவது சொன்னால் அஞ்சுகிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. என் விடை இது: இடத்தைச் சிந்தனைக்குரிய பொருளாகப் பாடத்தில் வைப்பது வேறு, அந்த இடத்துத் தொழிலைப் பிள்ளைக்குத் தலையெழுத்தாக வைப்பது வேறு. வலப்பனையையே எடுத்துக்கொள்வோம். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் பெருமழையில் மண் சரிந்து உயிர்கள் போயின. அதற்குப் பின்னரும் மழைக்காலம் தோறும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளில் வலப்பனையின் பெயர் அடிக்கடி வருகிறது. மண் ஏன் சரிகிறது என்ற ஒரு கேள்விக்குள் எத்தனை பாடம் இருக்கிறது! சாய்வைக் கோணமானியால் அளப்பது கணிதம். நீர் புகுந்த மண் ஏன் கனக்கிறது என்பது விஞ்ஞானம். காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டது வரலாறு. லயம் ஏன் அந்தச் சரிவில் கட்டப்பட்டது என்பது குடியியல். சுவரில் வெடிப்புக் கண்டால், ஊற்று நீர் திடீரென்று கலங்கினால் யாருக்கு அறிவிப்பது என்பது மொழிப்பாடம், அதுவும் இரண்டு மொழியில். ஏனென்றால் அறிவிக்க வேண்டிய இடத்தில் சிங்களமும் வேண்டியிருக்கும். இதைக் கற்ற பிள்ளை தோட்டத்திலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. புவிச்சரிதவியல் படிக்கப் பேராதனைக்கும் போகலாம்.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960 இல் சொன்ன சுருள் முறை இதற்கு வசதியானது. ஒரே கருத்தைச் சிறு வயதில் எளிமையாகத் தொட்டு, ஆண்டுகள் ஏற ஏற ஆழமாக்கித் திரும்பத் திரும்ப அதனிடம் வருவது. தரம் 2 இல் மழைநீர் மண்ணைக் கொண்டுபோவதைப் பார்க்கும் பிள்ளை தரம் 10 இல் அதையே வரைபாக வரைவாள். ஹில்டா டாபா 1962 இல் இன்னொன்றைச் சொன்னார். மேலே இருந்து பொது நோக்கம் எழுதிக் கீழே அனுப்பாமல், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் தன் பிள்ளைகளின் தேவையை அறிந்து ஓர் அலகை அமைத்துப் பார்த்து, அங்கிருந்து மேலே கட்ட வேண்டும் என்றார். எங்கள் நாட்டுக்கு டைலர் வந்து சேர்ந்த அளவுக்கு டாபா வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1997 இல் அறிவிக்கப்பட்ட பொதுக்கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவில் இதற்கு ஓரளவு இடம் தந்தது. 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் தரம் 1 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999 இல் நாடெங்கும் வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம் என்பவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் வந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளில் கற்றல். தரம் 1, 2 முதலாம் முதன்மை நிலை. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. இரண்டு தரங்களை ஒரே நிலையாகப் பிணைத்ததை அனுபவமுள்ள தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் உடனே பயன்படுத்திக்கொண்டனர். ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்பை வைத்திருப்பவருக்கு அது வரமல்லவா? ஆனால் ஆசிரியர் வழிகாட்டி ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பார் என்றே நினைத்து எழுதப்பட்டிருந்தது.

ஒரே ஆசிரியர் பல வகுப்பு என்பதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்க்காமல், அதற்கென்றே கலைத்திட்டத்தை ஒழுங்கமைத்த நாடுகள் உண்டு. கொலம்பியாவில் 1970களில் கிராமப் பாடசாலைகளுக்காகத் தொடங்கிய ‘புதிய பாடசாலை’ இயக்கம், பிள்ளை தானே படித்து முன்னேறத்தக்க வழிகாட்டி ஏடுகளை உருவாக்கியது. ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சிறு கிராமப் பள்ளிகளில் பாடநூலை அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படி போல் அடுக்கினார்கள். அதை எடுத்துத்தான் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழ்நாடு முழுவதும் ‘செயல்வழிக் கற்றல்’ என்று பரப்பினர். நான்கு நாள் வராத பிள்ளை ஐந்தாம் நாள் வந்தால், வகுப்பு போய்விட்ட இடத்திலிருந்தல்ல, தான் விட்ட படியிலிருந்து தொடங்கலாம். கொழுந்து அதிகமான காலத்தில் தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கும் சிறுமிக்கு இதைவிடப் பொருத்தமான ஒழுங்கு எது? அட்டைகள் தமிழிலேயே இருந்தன. பாக்கு நீரிணையைக் கடந்து அவை இங்கு வந்து சேரவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பிடித்த பிடியில் எங்கள் ஆரம்பப் பிரிவுகளில் வேறெதற்கும் நேரமும் இருக்கவில்லை.

மேல் வகுப்புகளுக்கு வருகிறேன். 2007 இல் தரம் 6 இலும் 10 இலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியது. சாதாரண தரத்துக்கு ஆறு கட்டாயப் பாடங்கள், மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக மூன்று பாடங்கள். தாளில் பார்த்தால் பிள்ளைக்குத் தெரிவு நிறைய. வலயக் கல்விப் பணிமனையில் ஆசிரியர் வெற்றிடப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரியும். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் தெரிவு. மனைப்பொருளியல் ஆசிரியை இருந்தால் பெண்பிள்ளைகள் அனைவரும் மனைப்பொருளியல். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் நடுவில் வேறு பாடம். உயர்தரம் இதைவிட மோசம். ஒரு பாடசாலை 1ஏபி தரமா, 1சி தரமா என்பதுதான் ஒரு பிள்ளை உயிரியலைப் படிக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. கலைப்பிரிவு மட்டும் உள்ள பாடசாலையிலிருந்து விஞ்ஞானம் படிக்க விரும்பும் மாணவி நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ கண்டிக்கோ போய்த் தங்க வேண்டும். பையனை அனுப்பும் வீடு பெண்ணை அனுப்ப யோசிக்கிறது. 1907 இல் சட்டம் பத்து வயதில் கோடு போட்டது. இன்று அந்தக் கோட்டைச் சட்டம் போடுவதில்லை. வாடகை அறையின் விலையும் கடைசி பஸ்ஸின் நேரமும் பதினாறு வயதில் போடுகின்றன.

சங்கம் நூற்றாண்டு நிதியாகச் சேர்த்திருக்கும் பணத்தில் நுழைவாயில் வளைவு ஒன்று கட்டுவதா என்று கடந்த கூட்டங்களில் பேசப்பட்டது. வளைவு அழகாக இருக்கும், நானும் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வேன். ஆயினும் என் எண்ணத்தைப் பதிவு செய்கிறேன். ஒன்று, உயர்தர விஞ்ஞானம் படிக்க வெளியூர் செல்லும் எமது மாணவிகள் தங்குவதற்கு, பட்டணத்தில் உள்ள பழைய மாணவிகள் பொறுப்பேற்று ஒரு வீட்டை ஒழுங்கு செய்வது. மற்றது, வலப்பனையின் மண்ணையும் மழையையும், இங்கிருந்த ராகலை ரயில் பாதையையும், தோட்டங்களையும் அயற் கிராமங்களையும் பற்றித் தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகள் வாசிக்கத்தக்க ஒரு துணைநூலைத் தமிழிலும் சிங்களத்திலும் எமது ஆசிரியைகளே எழுதி அச்சிடுவது.  ஒரு தவணைக்குள் செய்யலாம்.

அந்த நூலுக்கும், பாடசாலையின் முழு வரலாற்றுக்கும் பழைய பொருட்கள் தேவைப்படுகின்றன. அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு முந்திய சம்பவத்திரட்டுப் புத்தகங்கள், நேரசூசித் தாள்கள், பாடக்குறிப்புகள், தையற் பாடத்துக்குச் செய்த மாதிரித் துணிகள், சிலேட்டுகள், முன்னேற்ற அறிக்கைகள் எவரிடமாவது இருந்தால் சங்கச் செயலாளரிடம் ஒப்படையுங்கள். படம் எடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பித் தரப்படும். பாட்டியின் பெட்டியில் பாதி கிழிந்த ஒரு வாசிப்புப் புத்தகம் கிடந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். அதன் ஓரத்தில் பென்சிலால் இறாத்தல் கணக்கு எழுதியிருந்தால் அழித்துவிட வேண்டாம்.